மேல் போல்ட்டை முதலில் கழற்றணும்

1

நேற்று இங்கே இந்த வருஷத்து முதல் பனி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால், உப்பு லாரி தெருவில் மெதுவாகப் போகிறது. பின்னால் ஒரு தட்டு சுற்றிச் சுற்றி உப்பை இறைக்கிறது. அந்த லாரி ஒரு காலத்தில் என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியை விற்றுவிட்டேன். வாங்கினவன் வண்டிக்குப் பெயிண்ட்கூட மாற்றவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில் பனி விழுந்தால் ரோடு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உப்பைத் தூவினால்தான் அது உருகும், பிரேக் போட்டால் வண்டி நிற்கும். மரக்காணத்து உப்பளத்தில் கால் வெந்து உப்பு வாரினவன் நான். அதே உப்பை இந்த ஊர் ரோட்டில் தூவி, ஆறு லாரி, பதினோரு ஆள், சொந்த ஷெட், சொந்த வீடு என்று நிமிர்ந்தேன். எட்டாங்கிளாஸ் ஃபெயில். இதை நான் மறைத்ததே இல்லை. என்னோடு படித்து எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணினவர்களில் யாரும் இதுவரை ஆறு லாரி வாங்கியதாகத் தகவல் இல்லை.

ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது லாரியைப் பற்றி இல்லை. ஒரு போல்ட்டைப் பற்றி. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். என் மகள் நித்யாவின் காருக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கார் இப்போது நாட்டின் அந்தக் கோடியில், ஐந்து நாள் ஓட்டினால் போய்ச் சேருகிற தூரத்தில் நிற்கிறது.

2

நான் இங்கே வந்தது என் சம்சாரம் சரோஜாவின் விசாவில். அவள் நர்ஸ், திண்டிவனத்துக்காரி. அவள் முன்னால் வந்துவிட்டாள், நான் எட்டு மாதம் கழித்து வந்தேன். விசா பாரத்தில் ஏழுமலை என்கிற என் பெயருக்கு நேரே 'டிபென்டன்ட்' என்று போட்டிருந்தது. போனில் அர்த்தம் கேட்டேன்.

"என் முந்தானையப் புடிச்சிக்கினு வர்றவருன்னு அர்த்தம்" என்றாள்.

இன்றைக்கும் யாராவது விருந்தாளி வந்தால் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். முதல் லாரியை வாங்கும் வரைக்கும் எனக்கு அது சிரிப்பாக இல்லை.

உப்பு தூவுகிற கான்ட்ராக்ட் கேட்டுப் போனபோது ஒரு கூத்து நடந்தது. உப்பைக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எனக்கு. அரை நாள் வகுப்பு. மீசை முளைக்காத வாத்தியார் ஒருவர் படம் போட்டுக் காட்டி, "இதுதான் உப்பு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்" என்று ஆரம்பித்தார். நான் பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டலாமா என்று பார்த்தேன். பிறகு எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். உப்பைப் பற்றி அவர்கள் கேட்ட எல்லாமே எனக்குத் தெரியும். கேள்வியைத்தான் படிக்க முடியவில்லை. பதிமூன்று பேர் எழுதினோம். ஃபெயிலானது நான் ஒருவன்தான். இரண்டாம் தடவை சரோஜா ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தான் பாஸ் பண்ணினேன்.

அந்த முதல் தடவை வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டேன். நித்யாவுக்கு அப்போது நாலு வயசு. "இனிமே இந்த வீட்ல இங்கிலீஷ்தான். தமிழ்ல பேசினா சோறு இல்ல." சரோஜாவுக்கு இங்கிலீஷ் வரும், குழந்தைக்கும் வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. என் வீட்டில் நான் போட்ட சட்டத்தில் நான்தான் ஊமையானேன். மகள் வளர்ந்ததை நான் பாதி சைகையில்தான் பார்த்தேன். பனிக்காலத்தில் ஷெட்டில் நான் வேலை செய்யும்போது வந்து நிற்பாள். "கோ, ஸ்டடி" என்பேன். இந்த இரண்டு வார்த்தையையும் நான் நன்றாகவே சொல்வேன்.

அது பெரிய சாமர்த்தியம் என்று இருபது வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தாள், இன்ஜினியர் ஆனாள், பக்கத்து ஊரில் வீடெடுத்துப் போனாள். பொங்கலுக்கு வருவாள், மத்தியானம் சாப்பிடுவாள், சாயங்காலம் கிளம்பிவிடுவாள்.

3

போன மாதம் ஒரு நாள் அவளே போன் பண்ணினாள். அவளுடைய தமிழ் சரோஜா சமையற்கட்டில் எனக்குத் தெரியாமல் ஊட்டியது. பாதிதான் இருக்கும், ஆனால் எங்க ஊர்ப் பேச்சு.

"அப்பா, சனிக்கிழமை உங்க ஷெட் ஃப்ரீயா? காருக்கு டிஃபரென்ஷியல் ஆயில் மாத்தணும். ஞாயிற்றுக்கிழமை நான் வெஸ்ட்டுக்குப் போறேன். வேலை மாறிடுச்சு."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அங்கதான் இனிமே" என்றாள். 'ஷெட் ஃப்ரீயா' என்று கேட்ட அதே குரல்தான்.

டிஃபரென்ஷியல் என்பது வண்டியின் பின் அச்சில் நடுவே குண்டாக இருக்கும் இரும்புப் பெட்டி. ஊரில் லாரிக்காரர்கள் கிரவுன் என்பார்கள். வண்டி திரும்பும்போது இந்தப் பக்கத்துச் சக்கரமும் அந்தப் பக்கத்துச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது அதுதான். அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். அந்த எண்ணெயை மாற்ற வேண்டும்.

நித்யாவின் கார் இரண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக, நாவல்பழ நிறத்தில் இருக்கும். வாங்கின அன்று, "அப்பனும் ஆத்தாளும் ஒண்ணா ஏற முடியாத கார் எதுக்கு?" என்று கேட்டேன். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அவள் அந்தக் காரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவில்லை. இப்போது அவளே கொண்டுவருகிறேன் என்கிறாள். சனிக்கிழமை ஷெட்டைக் கூட்டி, கழுவி, விளக்கெல்லாம் மாற்றி வைத்தேன். சரோஜா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று கேட்டாள்.

4

நித்யா எல்லாம் கொண்டுவந்திருந்தாள். புது ஆயில், கைப் பம்பு, போல்ட்டுக்குப் போடப் புது வாஷர். காரை நாலு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அவள் கை போகிற அழகை ஓரமாக நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். நம்மால் அது முடியுமா? "நகரு, அப்பா பண்ணித் தரேன்" என்று அடியில் புகுந்தேன். அவள் போகிற வண்டியில் என் கைவேலை ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று ஒரு ஆசை.

பெட்டியில் இரண்டு போல்ட்டு உண்டு. அடியில் இருப்பதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். பக்கவாட்டில், கொஞ்சம் மேலே இருப்பதைக் கழற்றினால் புது எண்ணெய் ஊற்றலாம். நான் அடி போல்ட்டில் ஸ்பானரை வைத்தேன்.

"அப்பா, மேல இருக்கிறது ஃபர்ஸ்ட். அது வந்தாதான் கீழ தொடணும்."

"ஏம்மா, அழுக்க வெளிய விடாம எவனாவது நல்லத ஊத்துவானா?"

"ஊத்த வேணாம். சும்மா கழட்டிப் பார்க்கணும். அது வரலன்னா அப்புறம் எப்படி ஊத்துவீங்க?"

"வராம எங்க போவும்? உங்கப்பன் கைபட்டு வராத போல்ட்டு இந்த நாட்லயே இல்ல."

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எங்க ஊர்க்காரனுக்குப் புரியும். பாத்தியில் உப்பு வாரின பிறகு அடியில் கசந்த தண்ணீர் நிற்கும். மடை வெட்டி அதைச் சுத்தமாக வெளியே விட்டுவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு அதன் மேலேயே பாய்ச்சினால் அடுத்த விளைச்சலும் கசக்கும். வியாபாரி நாக்கில் ஒரு கல்லை வைத்துப் பார்த்துவிட்டு வந்த வழியே போவான். பழசை முதலில் வெளியே விடு என்பது எனக்குப் பல் முளைக்கும்போதே சொன்ன பாடம். லாரி எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்போதும் அப்படித்தான் செய்வேன், ஒரு தடவையும் தப்பானதில்லை. கிரவுனை மட்டும் ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுவேன். நானே அதைத் தொட்டது அன்றைக்குத்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அடி போல்ட்டு வந்தது. கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு எண்ணெய் வடிந்தது. கடைசிச் சொட்டு விழும் வரை பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேல் போல்ட்டில் கை வைத்தேன். அசையவில்லை.

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். துரு. எனக்குத் தெரியாத துருவா? உப்புத் துருவுக்கு ஒரு சிவப்பு உண்டு, பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். நித்யா இந்தக் காரை ஐந்து பனிக்காலம் ஓட்டியிருக்கிறாள். அவள் வேலைக்குப் போன ரோட்டுக்கும், கார் நிறுத்தின மைதானத்துக்கும், விற்கும் வரை, என் கம்பெனிதான் கான்ட்ராக்ட். நான் தூவின உப்புதான் அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆத்திரத்தில் இழுத்தேன். ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டி இரண்டு உரிந்தது. நித்யா ஒரு துணியை நீட்டினாள். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "நான் பார்க்கிறேன் அப்பா, கையைக் கழுவுங்க" என்று வண்டிக்கு அடியில் புகுந்தாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முட்டியில் ரத்தம் துடைக்கும்போதுதான் அந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

5

துருப்பிடித்த போல்ட்டை எடுத்தவுடன் தளர்த்தக் கூடாது. துருவுக்கு எண்ணெய் காட்டி, தலையில் நாலு தட்டு தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். இறுக்கும்போது துரு உடையும். அப்புறம் தளர்த்தினால் வரும். உப்பளத்தில் பம்பு செட் வைத்திருக்கிற எல்லோரும் இதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள்.

நான் கனடாவுக்குக் கிளம்பின அன்று காலையில் எங்கப்பா உப்பளத்துக்கு வரச்சொன்னார். கூனிமேட்டில் இருந்து ஒருத்தர் தன் காரில் என்னை மீனம்பாக்கம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு அவர் வருவார். போனால், அப்பா பம்பு செட் பக்கத்தில் குந்தியிருக்கிறார்.

"டேய், இந்த போல்ட்டு வரலடா. கழட்டிக் குடுத்துட்டுப் போ."

புதுச் சட்டை, புது பேன்ட். இழுத்தேன், தொங்கினேன், அசையவில்லை. விமானம் ஏறப்போகிற பதற்றத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒரு மணி நேரம். அப்பா பீடி பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். ரோட்டில் கார் வந்து ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை அடித்ததும் அப்பா எழுந்தார். ஸ்பானரை வாங்கினார், நாலு தட்டு, ஒரு மயிரிழை இறுக்கு, அப்புறம் இந்தப் பக்கம். வெண்ணெய் மாதிரி வந்தது.

"தெரிஞ்சிக்கினே குந்தினு இருந்தியா? உனக்கு வேற வேல இல்ல?" என்று கத்தினேன். அவர் போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டே, "நேரந்தான் இருந்துச்சே" என்றார்.

போயிட்டு வரேன் என்று நான் சொல்லவில்லை. வரப்பில் விறுவிறு என்று நடந்தேன். மூன்றாம் வருஷம் அவர் போனார். இங்கேயே தங்க விண்ணப்பம் போட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் திரும்பி வர விடுகிற பேப்பருக்கு நான் காத்திருந்த சமயம் அது. பேப்பர் வரும்போது கருமாதி முடிந்துவிட்டது. என் மகன் ஊரே மெச்ச கனடா போனான் என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த போல்ட்டு விவகாரத்தை, விவரம் இல்லாத கிழவன் படுத்தின பாடு என்று இங்கே எத்தனையோ பேரிடம் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம், ஸ்டூலில் உட்கார்ந்து, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் மகளின் காலைப் பார்க்கும்போதுதான், அவர் எதற்காகக் குந்தியிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நானும் வாயைத் திறக்கவில்லை.

6

நித்யா அடியில் இருந்தபடியே போன் பண்ணினாள். வெளியே வந்து சொன்னாள், "லாங் வீக்கெண்ட் லீவு அப்பா. செவ்வாய்க்கிழமை வரை எந்த ஒர்க் ஷாப்பும் இல்ல. நான் வெள்ளிக்கிழமை அங்க இருக்கணும், ரோட்ல டைம் பத்தாது. போல்ட் வரலன்னா ஆயில் இல்லாம ஓட்ட முடியாது, காரை இங்கயே விட்டுட்டு ஃப்ளைட்ல போறேன். அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்."

அப்புறமா வந்து. அந்த இரண்டு வார்த்தை என் காதில் தேனாக விழுந்தது. கார் என் ஷெட்டில் இருந்தால் மகள் வர வேண்டும். பனிக்காலம் முடிந்து வருவாள், ஒரு வாரம் இருப்பாள். மூடி வைக்க ஒரு தார்பாய் வாங்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. "அதுக்கென்னம்மா, எடம் இருக்குது" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுபடியும் அடியில் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குள் போனேன். சரோஜா வறுத்த நெத்திலியைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஆச்சா?"

"துருப்புடிச்சிடுச்சு. வராது போலிருக்குது."

"பனி தள்ற பிளேடு போல்ட்டெல்லாம் இருவத்தஞ்சு வருஷமா கழட்டினீங்க."

"அது வேற போல்ட்டு."

"போல்ட்டு ஒண்ணுதான். கழட்டினா புள்ள போயிடும், அதான்." அடுப்பை அணைத்தாள். "அவளுக்கு அங்க என்ன வேலன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் போகிறாள் என்பதோடு என் காது அடைத்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் திரும்பினேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். ஷெட் வாசலுக்கு வந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. டொக், டொக், டொக், டொக். அப்புறம் ஒரு அமைதி. குனிந்து பார்த்தேன். நித்யா ஸ்பானரை வலது பக்கம் அழுத்தினாள். ஒரு மயிரிழை. 'கிர்' என்று துரு உடைந்தது. பிறகு இடது பக்கம். போல்ட்டு அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தா?" என்றேன்.

"நீங்கதான். சின்ன வயசுல ஸ்னோ பிளேட் கழட்டுவீங்க, நான் டார்ச் பிடிச்சுட்டு நிப்பேன்."

"நான் உன்ன உள்ள போவச் சொல்லிடுவேனே."

"சொல்வீங்க. கொஞ்சம் லேட்டாதான் போவேன்."

"அப்ப தெரிஞ்சிக்கினே ஒரு மணி நேரம் ஏன்மா இழுத்துக்கினு கெடந்தே?"

அவள் போல்ட்டைத் துணியால் துடைத்தாள். "நீங்க சொல்வீங்கன்னு வெயிட் பண்ணேன்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எங்கப்பாவிடம் நான் கத்தினதில் கால்வாசி அவள் கத்தியிருந்தால் எனக்குப் போதும்.

அடி போல்ட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு அவளே இடம் விட்டாள். "பம்பு அடிங்க, நான் பார்க்கிறேன்." நான் அடித்தேன். பெட்டி நிறைந்ததற்கு அடையாளம், மேல் ஓட்டையில் இருந்து எண்ணெய் வழியும். தேன் நிறத்தில் ஒரு கோடு வழிந்ததும் "போதும்" என்றாள். புது வாஷரைப் போட்டு, போல்ட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்க டைட் பண்ணுங்க." பண்ணினேன். நம்ம கடலூர் மாதிரி ஒரு துறைமுகத்தில்தான் அவளுக்கு அங்கே வேலையாம். பம்பு அடிக்கும்போது கேட்டுக்கொண்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினாள். சரோஜா கட்டிக்கொடுத்த புளிச்சோறு பக்கத்து சீட்டில் இருந்தது. இரண்டு பேர் உட்காருகிற காரில் அதற்கு இடம் கிடைத்தது. நான் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். "ராத்திரி வண்டி நிறுத்தினா கிரவுனுக்கு அடியில இதப் போடு. காலையில எண்ணெ சொட்டியிருக்குதான்னு பார்த்துச் சொல்லு. சொட்டினா ஓட்டாத, திரும்பிடு." சரி என்றாள். அன்றைக்கு நான் அவளிடம் போய்ட்டு வா என்று சொன்னேன். அதையாவது சொன்னேன்.

ஐந்து காலை, ஐந்து ஊரில் இருந்து போன் வந்தது. "அட்டை பார்த்தியா?" "பார்த்தேன்ப்பா. ட்ரை." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் என் மகள் ஐந்து நாள் தொடர்ந்து எனக்குப் போன் பண்ணினது அவள் ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை. போய்ச் சேர்ந்த பிறகு அட்டையைப் பற்றிக் கேட்க ஒன்றும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சரோஜாவிடம் பேசுகிறாள், நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.

நேற்றுப் பனி விழுந்ததும் நானே கூப்பிட்டேன். அங்கே பனி இல்லையாம், மழைதானாம். ரோட்டில் உப்பு போடுவது அபூர்வமாம். "கார் இனிமே ரஸ்ட் ஆகாது அப்பா" என்றாள் சந்தோஷமாக. நல்லதும்மா என்றேன். அப்புறம் வாய் நிற்காமல் கேட்டேன், "அந்த அட்டை இருக்குதா? ஒரு தடவ போட்டுப் பாரேன்."

"இருக்குப்பா. நேத்துதான் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல."

ஒரு சொட்டாவது இருக்காதா என்ற ஆசையில்தான் கேட்டேன். இருக்காது என்றும் எனக்குத் தெரியும். இந்த ஏழுமலை இறுக்கின போல்ட்டு ஒழுகாது.